பலெர்மோவின் ராகு காலம்

அந்த வெள்ளிக்கிழமை பலெர்மோவில் ராகு காலம் பதினொன்று நாற்பத்தொன்பதுக்கே முடிந்துவிட்டது. இது கேசிகாவுக்குத் தெரியும். அவளுடைய அம்மா ஞானம்பிகைக்குத் தெரியாது. வந்த வினை முழுவதும் இதிலிருந்துதான் வந்தது.

குசினிச் சுவரில் தொங்கிய நாட்காட்டி யாழ்ப்பாணத்தில் அச்சடித்தது. கபோச் சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர், தைப்பொங்கலுக்கு அரிசி வாங்க வருகிறவர்களுக்கு அதைச் சும்மா கொடுப்பார். வெள்ளிக்கிழமைக்கு நேரே பத்தரை முதல் பன்னிரண்டு என்று போட்டிருக்கும். ஆறு மணிக்குச் சூரியன் உதித்து ஆறு மணிக்கு மறைகிற ஊருக்குப் போட்ட கணக்கு அது. நவம்பர் மாதத்துப் பலெர்மோவிலோ சூரியன் ஏழு மணியளவில் சோம்பல் முறித்துக்கொண்டு எழும்பி, ஐந்துக்கு முன்னரே போய்ப் படுத்துவிடும். பகல் குறைந்தால் ராகு காலமும் குறையத்தானே வேண்டும்? இத்தனை வருடமாக இந்த இத்தாலிய நகரத்தில் சீவிக்கிற நம்முடைய சனம் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. ராகுவும் தங்களோடு அதே விமானத்தில் ஏறி வந்தவர், கைக்கடிகாரத்தை மட்டும் மாற்றாமல் இருக்கிறார் என்று நினைப்போ என்னவோ.

அன்று கேசிகாவுக்கு இருந்தது ஒரேயொரு வேலை. உயிரியல் பட்டப்படிப்பின் மூன்றாம் வருடத்துக்கு ஒரு விருப்பப் பாடத்தைத் தெரிவுசெய்து, பல்கலைக்கழக இணையத்தளத்தில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அன்றுதான் கடைசி நாள். நண்பகல் பன்னிரண்டோடு தளம் மூடிவிடும். கடைசி நாள் என்பதை அவள் அம்மாவுக்குச் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு மணி என்பதைச் சொல்லவில்லை.

ஞானம்பிகை வேலை செய்யும் வீட்டின் எசமானி, சிஞ்ஞோரா, வெள்ளிக்கிழமைகளில் மொண்டெல்லோவிலுள்ள தங்கையிடம் போய்விடுவார். ஆகவே அன்று அம்மா வீட்டில். பத்து மணி இருபது நிமிடத்துக்குக் கேசிகா மடிக்கணினியைத் திறந்தபோது அம்மா ஈரத்தலையில் துவாயோடு வந்து நின்றாள்.

"இன்னும் அனுப்பேல்லையோ?"

"இப்பதான் அம்மா."

"பத்தரையாகப் போகுது. நல்ல காரியத்தை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது. இண்டைக்குள்ளை அனுப்பினால் சரிதானே?"

"ஓம்."

"அப்ப பன்னெண்டு கழியட்டும்," என்று சொல்லி அம்மா கணினியை மூடி, அதன் முதுகில் ஒரு கீற்றுத் திருநீறும் பூசிவிட்டுத் சமையலைப் பார்க்கப் போனாள்.

கேசிகா தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமல்ல, அவளுக்கு உள்ளூர ஒரு ஆறுதல். கைத்தொலைபேசியை எடுத்து, பொழுதுபோகாமல், பலெர்மோவில் இன்று ராகு காலம் எப்போது என்று தேடினாள். பத்து முப்பத்துநான்கு தொடக்கம் பதினொன்று நாற்பத்தொன்பது வரை என்று வந்தது. உதயத்தையும் அத்தமனத்தையும் வைத்துத் தானே ஒருமுறை பகலை எட்டாகப் பிரித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

ஆக, பதினொன்று நாற்பத்தொன்பதுக்கு அவள் செய்யவேண்டியிருந்ததெல்லாம் வாயைத் திறப்பது. "அம்மா, இஞ்சத்தை ராகு காலம் முடிஞ்சுது" என்றால் போதும். அம்மா ஒரு நிமிடம் வாதாடியிருப்பாள். பிறகு அனுப்பு என்று விட்டிருப்பாள். கேசிகா தேங்காய் திருவலையில் குனிந்திருந்த அம்மாவின் முதுகைப் பார்த்தபடி இருந்தாள். பதினொரு நிமிடமும் அப்படியே போனது.

பன்னிரண்டு அடித்ததும் அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "ம், பிள்ளையாரை நினைச்சுக்கொண்டு அமத்து." கேசிகா கணினியைத் திறந்தாள். திரையில் சிவப்பு எழுத்தில் தெரிவுக்காலம் முடிந்துவிட்டது என்று நின்றது.

*

அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு அந்த இரண்டு பாடங்களைப் பற்றியும் தெரிய வேண்டும்.

ஒன்று கடல் உயிரியல். ஸ்ஃபெர்ராகவால்லோவிலிருந்து படகில் கூட்டிப்போவார்கள். அங்கேதான் அவளுடைய அப்பா ஜெயரட்ணம் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறார். படகிலிருந்து கையசைத்தால் அவருக்குத் தெரியும். பேராசிரியர் தங்கமான மனிதர். முப்பதுக்கு முப்பது வாங்காதவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

மற்றது மனித இழையவியல். உடலின் இழையங்களை மெல்லிய துண்டுகளாக்கிக் கண்ணாடியில் வைத்து நுணுக்குக்காட்டியில் படிப்பது. நூறு பேர் எழுதினால் நாற்பது பேர் தேறுவதே பெரிய காரியம் என்று மேல்வகுப்புக்காரர் பயமுறுத்துவார்கள். ஆனால் அடுத்த வருடம் மருத்துவ பீடத்தில் வெறுமையாகும் சில இடங்களுக்கு உயிரியல் மாணவர்களிலிருந்து ஆள் எடுப்பதாக அறிவித்திருந்தார்கள். இழையவியல் தேறியவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம்.

கேசிகாவுக்கு ஏழு வயதிலிருந்தே டொக்டர் ஆகத்தான் ஆசை. யாரும் ஊட்டிய ஆசை இல்லை. முதலாம் வருடத்தில் ஒருநாள் சிறுநீரகத்தின் ஒரு துண்டை நுணுக்குக்காட்டியில் பார்க்கக் கொடுத்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். அடுத்தவள் வந்து தோளில் தட்டும்வரை கேசிகா எழும்பவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு அதைச் சொல்லத் தொடங்கினவள் சோறு ஆறும்வரை சொன்னாள்.

ஆனால் மருத்துவ நுழைவுப் பரீட்சையை அவள் இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் தவறியிருந்தாள். முதல் தரம் நான்கு புள்ளியால். அடுத்த தரம் ஒன்றரைப் புள்ளியால். இழையவியலை எடுத்தால் மூன்றாம் தரமும் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தால் மூன்றாம் தரமும் தவறலாம். கடல் உயிரியலில் அந்த ஆபத்தே இல்லை. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், தட்டவில்லையே என்று யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று கிழமையாக அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர ஒன்றையும் தொடவில்லை. ராகு காலம் என்று அம்மா வந்து கணினியை மூடியபோது அவள் அதற்குள் போய் ஒளித்துக்கொண்டாள்.

தெரிவுசெய்யாதவர்களை இடமிருக்கிற பாடத்தில் போடுவார்கள். அவளைக் கடல் உயிரியலில் போட்டிருந்தார்கள்.

*

"என்னாலைதான்," என்றாள் ஞானம்பிகை. அழவில்லை. நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி அலுமாரிக்கு மேலே குப்புற வைத்தாள். "நான் சும்மா கிடந்திருந்தால் நீ பத்தரைக்கு முதலே இழையவியலுக்கு அனுப்பியிருப்பாய்."

கேசிகாவுக்கு உண்மையைச் சொல்ல வாய்வரை வந்தது. வந்தது அப்படியே திரும்பிப் போய்விட்டது.

அம்மாவுக்கு இது புதிதில்லை. முதல் தரம் பரீட்சையில் தவறியபோது, "அண்டைக்கு அட்டமி. நாளைப் பாக்காமல் உன்னை விட்டது என்ரை பிழை," என்றாள். இரண்டாம் தரம், "நீ படியிலை இறங்கேக்கை நான் பின்னாலை கூப்பிட்டுத் தண்ணிப் போத்தல் தந்தனான். போற பிள்ளையைப் பின்னாலை கூப்பிடலாமோ?" என்றாள். இரண்டு தரமும் இவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கணக்கில் விட்டாயா, இரசாயனத்தில் விட்டாயா என்று அப்பாவையும் கேட்கவிடவில்லை. அந்த நேரம் கேசிகாவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அம்மாவின் பஞ்சாங்கமும் அம்மாவும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளி வரைக்கும் ஒருநேரச் சாப்பாடு என்று அம்மா நேர்ந்துகொண்டாள். அப்பா உணவகத்தில் கொடுத்துவிட்ட வாள்மீன் துண்டத்தைப் பொரித்து மற்றவர்களுக்குப் போட்டுவிட்டுத் தான் தேத்தண்ணீரோடு இருந்தாள்.

"நேரத்திலை பிழையோ ராகுவிலை பிழையோ எனக்குத் தெரியாது," என்றார் ஜெயரட்ணம். "மீனிலை ஒரு பிழையும் இல்லை. சாப்பிடு."

"நீங்கள் சும்மா இருங்கோ," என்றாள் அம்மா.

கேசிகாவுக்கு மீன் இறங்கவில்லை. நாள்தோறும் சொல்லிவிட நினைப்பாள். நாள்தோறும் அம்மா வேலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பாள், அல்லது வேலையால் வந்த களைப்பில் இருப்பாள். சொல்லாமல் விடுவதற்குக் காரணமா இல்லை உலகத்தில்?

வியாழக்கிழமை அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அறிவித்தாள். "நாளைக்கு நான் உன்ரை யுனிவேர்சிட்டிக்கு வாறன்."

"ஏன்?"

"சில்வி சொன்னவ. அங்கை கந்தோரிலை ஒரு மனுசி இருக்கிறாவாம், இரக்கமுள்ள ஆளாம். பன்னெண்டு மணிக்கு முதல் வரட்டாம். நீ ஒண்டும் கதைக்க வேண்டாம். பிழை விட்டது நான், நான் கதைக்கிறன்."

சில்வி மொரிசியஸ்காரி. வம்சம் தமிழ், வாயில் தமிழ் இல்லை. முருகா, விபூதி, காவடி, ராகு காலம் என்று பத்துப் பதினைந்து சொல் மட்டும் தகப்பன் வழியில் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் இத்தாலிய மொழியில்தான். கேசிகாவின் பீடத்தைத் துப்புரவு செய்வது அவள்தான். ஞானம்பிகையும் அவளும் காலையில் ஒரே பஸ். ஐந்து நாளாக இந்த மனுசி வாடிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, என்ன என்று நோண்டி எடுத்திருக்கிறாள்.

*

வெள்ளிக்கிழமை அம்மா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, பொட்டுக்கு மேலே சந்தனமும் வைத்துக்கொண்டு வந்தாள். பஸ்சில் முழுநேரமும் உதடு அசைந்தபடி இருந்தது. தேவாரம் என்று கேசிகா நினைத்தாள். காது கொடுத்துக் கேட்டால் இத்தாலிய வசனங்கள். கிழமை முழுக்கச் சிஞ்ஞோராவின் உடுப்புகளை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தும்போது பாடமாக்கியிருக்கிறாள்.

அம்மாவின் இத்தாலிய மொழி குசினிக்கும் மருந்துக் கடைக்கும் தாராளமாகப் போதும். பொலிஸ் கந்தோரில் வதிவிட அனுமதி புதுப்பிக்கவும் போதும். பல்கலைக்கழகக் கந்தோருக்கு அது கொஞ்சம் காணாது. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்த அலுவலர் பெண்மணிக்கு முன்னால் போய் நின்று, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பாடமாக்கியதை ஒப்புவித்தாள்.

"சிஞ்ஞோரா, பிழை என்னுடையது. என் மகள் நல்லவள். படிக்கிறவள். அவளுக்கு வேண்டியது இழையவியல். வெள்ளிக்கிழமை கெட்ட நேரம் இருந்தது. நான் அவளை விடவில்லை."

"கெட்ட நேரமா?" அலுவலர் எழுந்தேவிட்டார். "வீட்டில் யாரும் காலமாகிவிட்டார்களா?"

"இல்லை, இல்லை. எல்லாரும் சுகம்." பாடமாக்கியது அதோடு முடிந்துவிட்டது. அம்மா திரும்பிக் கேசிகாவைப் பார்த்தாள். அந்த முகத்தைக் கேசிகா சாகும்வரை மறக்கமாட்டாள். கேசிகா வாய் திறக்க முன்னர் பின்னாலிருந்து வாளி ஒன்று வைக்கப்படும் சத்தம் கேட்டது.

சில்வி துடைப்பத்தடியைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். படித்த பெண்களுக்கு இத்தாலியர் கொடுக்கும் மரியாதை விளியோடு தொடங்கினாள். "நான் சொல்கிறேன், தொத்தோரெஸ்ஸா. எங்கள் ஆட்களுக்கு நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது. அதற்குள் நல்ல காரியம் ஒன்றும் தொடங்கக்கூடாது. வெள்ளிக்கிழமையில் அது மத்தியானத்துக்கு முன்னால் வரும். இந்த அம்மா பிள்ளையின் கையைப் பிடித்து வைத்திருந்தார். விட்டபோது உங்கள் கதவு மூடிவிட்டது. கதை இவ்வளவுதான்."

கேசிகா கூச்சத்தில் நிலத்தைப் பார்த்தாள். சிரிப்பார்கள் என்று நினைத்தாள். அலுவலர் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த சாவிக்கொத்தில் சிவப்புக் கொம்பு ஒன்று தொங்கியது. கண்ணூறு படாதிருக்க பலெர்மோக்காரர் வைத்திருப்பது. அவருடைய விரல் தன்பாட்டில் அதைத் தொட்டது.

"பதினேழாம் திகதி வெள்ளியில் வந்தால் எங்களுக்கு ஆகாது, அன்று நான் பல்லுக்கூடப் பிடுங்கப் போகமாட்டேன்," என்றார் அலுவலர். "இதை முதல் நாளே வந்து சொல்லியிருக்கலாமே. தவறவிட்டவர்கள் காரணம் எழுதித் திருத்திக்கொள்ள ஒரு கிழமை தந்திருக்கிறோம். இன்று பன்னிரண்டோடு அதுவும் முடிகிறது." ஒரு படிவத்தை இழுத்து, காரணம் என்ற கட்டத்தில் குடும்பத்தின் சமய வழக்கம் என்று தன் கையாலேயே எழுதினார். "இழையவியலில் இன்னும் மூன்று இடம் இருக்கிறது. பாடத்தை நீ எழுது, மகளே. கையெழுத்தையும் வை."

பேனாவைக் கையில் கொடுத்தார். கேசிகா அதைப் பிடித்தபடி நின்றாள். பாடம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

துடைப்பத்தோடு நிற்கும் சில்வி இவளோடு இதற்குமுன் நாலு வார்த்தை பேசியவளில்லை. கண்ணாடிக்காரப் பெண்மணிக்கு இவள் ஆயிரத்தில் ஒருத்தி. அம்மாவோ ஒரு கிழமை பட்டினி கிடந்து, தெரியாத மொழியில் தன்மேல் பழி சொல்ல வந்து நிற்கிறாள். மூன்று பேரும் இவளுக்காக நிற்கிறார்கள், இவளோ பொய்யில் நிற்கிறாள். நெஞ்சு நிறைந்து வந்தது, அதே அளவுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"ஒரு நிமிடம்," என்று படிவத்தையும் எடுத்துக்கொண்டு, அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். அங்கிருந்த வாங்குப் பலகையில் இருத்தினாள்.

"அம்மா, அது உங்கடை பிழை இல்லை."

"சும்மா இரு. நேரம் போகுது."

"கேளுங்கோ. அண்டைக்கு இஞ்சத்தை ராகு காலம் பதினொண்டு நாற்பத்தொன்பதுக்கே முடிஞ்சுது. இஞ்சை பகல் சின்னன், அதாலை. நான் போனிலை பாத்தனான். பன்னெண்டு மணிக்கு மூடும் எண்டும் எனக்குத் தெரியும். பதினொரு நிமிசம் இருந்தது. நான் சொல்லேல்லை."

ஞானம்பிகை விரல் மடித்து எண்ணிப் பார்த்தாள். கணக்கு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சுகொண்டு இருந்தனீயோ?"

"ஓம்."

"பதினொரு நிமிசமும் என்ன செய்தனீ?"

"நீங்கள் தேங்காய் திருவுறதைப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"உனக்கு நல்ல அடி தந்து வளத்திருக்கோணும்," என்றாள் அம்மா. குரல் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்துவிட்டது. "ஒரு கிழமை. ஒரு கிழமை நான் தின்னாமல் கிடந்தனான். நல்ல வாள்மீன். அதையும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீ?"

"ஓம் அம்மா."

"ஏன் பிள்ளை?"

"பயம். இழையத்தை எடுத்தால் திரும்ப மெடிசினுக்குப் போடோணும். திரும்பவும் வராட்டில், மூண்டாம் தரம் உங்கடை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

"விருப்பம் இல்லையோ?"

"விருப்பம்தான். அதுதான் பயம்."

அம்மா கைப்பையைத் திறந்து, எதையோ தேடி, எடுக்காமலே மூடினாள். சுவர் மணிக்கூட்டில் பதினொன்று இருபது. கேசிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு செய்த மனுசிக்குத் தான் ஒன்றாவது செய்ய வேண்டும் என்றிருந்தது. காலையிலேயே கணக்குப் பார்த்து வைத்திருந்தாள்.

"இண்டைக்கு பதினொண்டு அம்பத்திரண்டுக்கு முடியுது. அதுமட்டும் இருப்பம் அம்மா. முடிஞ்சாப்போலை எழுதிக் குடுக்கிறன். எட்டு நிமிசம் இருக்கும், காணும்."

ஞானம்பிகை மணிக்கூட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். தன் வாழ்நாளில் ராகு காலத்தில் ஒரு புதுத் துடைப்பம்கூட வாங்காத மனுசி அவள்.

"வேண்டாம்," என்றாள். "அரை மணித்தியாலம் இருந்தால் உனக்குத் திரும்பப் பயம் வந்திடும். இப்பவே எழுது."

"இப்ப ராகு காலம் அம்மா."

"தெரியும். அதுதான் சொல்லுறன், இப்பவே எழுது. சரிவராமல் போச்சுதெண்டா, ராகு காலத்திலை கையெழுத்து வைச்சது, என்ரை சொல்லிலை வைச்சது எண்டு பழியை அதிலை போடுவம். உன்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது."

அட்டமியும், பின்னால் கூப்பிட்டுக் கொடுத்த தண்ணீர்ப் போத்தலும் எதற்காக இருந்தன என்று கேசிகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இருபத்தொரு வயது வரைக்கும் விளங்காமல் இருந்திருக்கிறாள். இப்படி ஒரு தாய்க்குப் பிறந்ததற்கு எந்தக் கோயிலில் போய் நன்றி சொல்வது என்று தெரியாமல், படிவத்தை முழங்காலில் வைத்து இழையவியல் என்று எழுதினாள்.

"அப்ப சரிவந்துதெண்டா?" என்று கேட்டாள்.

"சரிவந்தா அது நீ படிச்சபடியாலை," என்றாள் அம்மா. "கையெழுத்தை வை. எனக்குப் பசிக்குது."